நான் நம்பவில்லை, ஆனால் ஜனங்கள் நம்பிவிடுவார்கள்

கொஞ்ச காலமாக ஒரே ஒரு வாக்கியம் என்னை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. பொய்ச் செய்தி, வதந்தி, தேர்தல் பிரச்சாரம், சினிமாவில் வரும் வன்முறை என்று பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் அங்கேதான் வந்து நிற்கிறது: “நமக்குத் தெரியும். ஆனா ஜனங்க நம்பிடுவாங்களே.” பெரிய படிப்புப் படித்தவர்களும் இதைச் சொல்கிறார்கள், பள்ளிக்கூடத்தைத் தாண்டாதவர்களும் சொல்கிறார்கள். ஒரு கட்சிக்காரர் சொன்னதையே எதிர்க்கட்சிக்காரரும் அச்சுப்பிசகாமல் சொல்கிறார். சொல்பவர்களின் குரலில் உண்மையான கவலை இருக்கிறது. அதனால்தான் அதை எளிதில் ஒதுக்கிவிட முடிவதில்லை.

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் எனக்கு நெடுநாள் பழக்கம். ஒருநாள் ஒரு போலி வீடியோவை அனுப்பிவிட்டு, கையோடு போனிலும் அழைத்தார். நாடு எங்கே போகிறதோ என்று வருத்தப்பட்டார். நான் கேட்டேன்:

“சார், உங்க வீட்ல யாராவது இதை நம்பினாங்களா?”

“எங்க வீட்லயா? பாத்த உடனே பொய்யுன்னு தெரிஞ்சுபோச்சே.”

“உங்ககூட வேலை பாத்தவங்க?”

“அவங்க எல்லாம் விவரமானவங்க. நான் சொல்றது பொதுஜனத்தை, தம்பி.”

அந்தப் பொதுஜனம் யார் என்று அதன்பிறகு பலரிடம் கேட்டுப் பார்த்தேன். எல்லோரும் வேறு யாரையோ கைகாட்டினார்கள். ஆண்கள் பெண்களை, பெரியவர்கள் இளைஞர்களை, இளைஞர்கள் பெரியவர்களை. ஏமாறக்கூடியவர்கள் என்று எல்லோராலும் சுட்டப்படும் அந்தக் கூட்டத்தில் தன் பெயரைத் தானே எழுதிக்கொள்பவர் ஒருவரும் இல்லை. பொய்ச் செய்தியால் ஏமாறுகிறவர்கள் இல்லவே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. இருக்கிறார்கள், அதன் விலையையும் கொடுக்கிறார்கள். ஆனால் ஊடகத்தின் வரலாற்றைப் படிக்கப் படிக்க, அது சமூகத்தை அசைக்கும் முக்கியமான வழி நாம் வழக்கமாக அஞ்சும் வழி இல்லை என்றே எனக்குப் படுகிறது. நம் மனதில் இருப்பதை மாற்றுவது அதற்குக் கடினமான வேலை. அடுத்தவர் மனதில் என்ன இருக்கிறது என்று நாம் போடும் கணக்கை மாற்றுவது அதைவிடப் பலமடங்கு எளிது. அந்தக் கணக்கு மாறினாலே போதும், நம் நடத்தை மாறிவிடும்.

செவ்வாய்க்காரர்கள் வந்த இரவு

ஊடகத்துக்கு மயங்கும் மக்கள் என்ற பேச்சு வந்தால் தவறாமல் எடுத்துக்காட்டப்படுவது 1938 அக்டோபர் 30 ஞாயிறு இரவு. அமெரிக்காவின் சிபிஎஸ் வானொலியில், 23 வயது ஆர்சன் வெல்ஸ், செவ்வாய் கிரகவாசிகள் பூமியைத் தாக்கும் கதையைச் செய்தி அறிவிப்புகள் போலவே நாடகமாக்கி ஒலிபரப்பினார். நடன இசை ஓடிக்கொண்டிருக்கும். நடுவே இசை நின்று, நியூ ஜெர்சியில் ஏதோ விழுந்திருப்பதாக அறிவிப்பு வரும். நாடு முழுவதும் மக்கள் பீதியடைந்து தெருவுக்கு ஓடினார்கள் என்று மறுநாள் பத்திரிகைகள் எழுதின. நியூயார்க் டைம்ஸ் அதை முதல் பக்கத்தில் போட்டது. வானொலியின் அசுர சக்திக்குச் சான்றாக அந்தக் கதை பாடப்புத்தகங்களில் ஏறி உட்கார்ந்துவிட்டது.

அன்றிரவே ஹூப்பர் என்ற நேயர் கணக்கெடுப்பு நிறுவனம் 5,000 வீடுகளுக்குத் தொலைபேசியில் அழைத்து என்ன கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள் என்று விசாரித்திருந்தது. வெல்ஸின் நாடகம் என்று பதில் சொன்னவர்கள் 2 சதவீதம். பெரும்பாலான நேயர்கள் அதே நேரத்தில் வேறொரு நிலையத்தில் எட்கர் பெர்கனின் நகைச்சுவை நிகழ்ச்சியைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பயந்தவர்கள் இருந்தார்கள் என்பது உண்மை. அதில் சிலர் பயந்தது செவ்வாய்க்காரர்களுக்கு அல்ல, ஜெர்மானியர்களுக்கு. செக்கோஸ்லோவாகியாவின் ஒரு பகுதியை ஹிட்லருக்கு விட்டுக்கொடுத்த மியூனிக் ஒப்பந்தம் முடிந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது, ஐரோப்பாவிலிருந்து போர்ச் செய்திகள் இப்படித்தான் இசையை இடைமறித்து வந்துகொண்டிருந்தன. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஹேட்லி கான்ட்ரில் என்ற உளவியலாளர் நடத்திய ஆய்வு 10 லட்சம் பேராவது கலங்கியதாகக் கணக்கிட்டது. ஆனால் அவர் குழு விரிவாகப் பேட்டியெடுத்த 135 பேரில் 100க்கும் மேற்பட்டவர்கள், பயந்தவர்கள் என்று தெரிந்தே தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள்.

பத்திரிகைகள் ஏன் இவ்வளவு பெரிதாக்கின என்று பார்த்தால், அந்தப் பத்தாண்டின் ஊடகச் சண்டை கண்ணில் படும். பொருளாதார வீழ்ச்சிக்குப் பிறகு விளம்பரப் பணம் பத்திரிகையை விட்டு வானொலிக்குப் போய்க்கொண்டிருந்தது. 1933 டிசம்பரில் நியூயார்க்கின் பில்ட்மோர் ஹோட்டலில் கூடி, வானொலிகள் ஒரு நாளைக்கு ஐந்து நிமிடச் செய்தி இரண்டு முறை மட்டுமே வாசிக்கலாம் என்று ஓர் உடன்பாட்டையே பத்திரிகை முதலாளிகள் கொண்டுவந்தார்கள். அது நிலைக்கவில்லை. 1938இல் அவர்களுக்குக் கிடைத்த வாய்ப்பு இந்த நாடகம். ஆக, வானொலியை நம்பி மக்கள் ஓடினார்கள் என்பதை நமக்குச் சொன்னது வானொலியின் போட்டியாளர். அதை ஏறக்குறைய 75 ஆண்டுகள் கேள்வியின்றி நம்பி, சபைகளில் திருப்பிச் சொல்லிவந்தவர்கள் யாரென்றால், ஊடகத்தைப் பற்றிப் படித்தவர்கள், எழுதியவர்கள், பாடம் நடத்தியவர்கள்.

இதே நாடகத்தை 1949 பிப்ரவரியில் ஈக்வடாரின் கீட்டோ நகர வானொலி உள்ளூர்ப் பெயர்களோடு ஒலிபரப்பியது. அங்கே பீதி நிஜம். மக்கள் தெருவில் திரண்டார்கள். ஆனால் உயிர்கள் போனது செவ்வாய்க்காரர்கள் வந்துவிட்டதாக நம்பிய அந்த நேரத்தில் இல்லை. இது வெறும் நாடகம் என்று நிலையம் அறிவித்த பிறகுதான் கூட்டம் அந்தக் கட்டடத்தைச் சூழ்ந்து தீ வைத்தது. எல் கொமர்சியோ பத்திரிகையும் அதே கட்டடத்தில்தான் இயங்கியது. தனியாக வீட்டில் ஏமாந்தவர் வெட்கப்பட்டுக் கதவைச் சாத்திக்கொண்டிருப்பார். தெருவில் நிற்கும்போது, என்னைப் போலவே இவர்கள் எல்லோரும் ஏமாற்றப்பட்டார்கள் என்பது ஒவ்வொருவர் கண்ணுக்கும் தெரிகிறது. அந்த ‘எல்லோரும்’தான் தீயை மூட்டியது என்பது என் வாசிப்பு.

ஒரு தீவில் விழுந்த துண்டுப் பிரசுரங்கள்

இந்த விஷயத்தில் என் எண்ணத்தைத் திருப்பிப் போட்டது, 1983இல் டபிள்யூ. பிலிப்ஸ் டேவிசன் என்ற சமூகவியலாளர் எழுதிய ஒரு கட்டுரையின் தொடக்கம். இரண்டாம் உலகப்போர் ஆவணங்களைப் புரட்டிக்கொண்டிருந்த இளம் வரலாற்றாசிரியர் ஒருவர் தனக்குச் சொன்ன சம்பவமாக அதை அவர் எழுதுகிறார். பசிபிக் கடலில் ஐவோ ஜிமா தீவில் அமெரிக்கப் படைப்பிரிவு ஒன்று இருந்தது. படைவீரர்கள் கறுப்பினத்தவர்; அதிகாரிகள் வெள்ளையர். இதைத் தெரிந்துகொண்ட ஜப்பானியர்கள் விமானத்திலிருந்து துண்டுப் பிரசுரங்களைத் தூவினார்கள். இது வெள்ளையனின் போர், உங்களோடு எங்களுக்குப் பகையில்லை, வெள்ளையனுக்காக உயிரைக் கொடுக்காதீர்கள், முடிந்தால் ஓடிவிடுங்கள் என்பது அவற்றின் சாரம். மறுநாள் அந்தப் படைப்பிரிவு அங்கிருந்து விலக்கிக்கொள்ளப்பட்டது.

அந்த வரலாற்றாசிரியரின் குழப்பம் இதுதான்: பிரசுரத்தைப் படித்துப் படைவீரர்கள் மனம் மாறியதற்கு ஒரு சான்றுகூட ஆவணங்களில் இல்லை. யாரும் சரணடைந்ததாகவோ ஓடியதாகவோ குறிப்பு இல்லை. ஆனாலும் பிரச்சாரம் வென்றுவிட்டது. டேவிசனின் விளக்கம், அது வேலை செய்தது படைவீரர்களிடம் இல்லை, அதிகாரிகளிடம் என்பது. அதிகாரிகள் பிரசுரத்தை ஒரு நொடியும் நம்பவில்லை. தங்கள் வீரர்கள் நம்பிவிடுவார்கள் என்று நம்பினார்கள், அவ்வளவுதான். ஒரு சொல்லைக்கூட யாரும் நம்பாமலேயே அந்தத் தாள்கள் ஒரு படையை நகர்த்தின.

இந்த இடத்தை நான் திரும்பத் திரும்பப் படித்தேன். அந்த அதிகாரிகளுக்குத் தங்கள் வீரர்களைப் பற்றி இருந்த சந்தேகம் பிரசுரம் விழுவதற்கு முன்பே அங்கே இருந்தது. நிறத்தை வைத்து மனிதர்களைப் பிரித்து நிறுத்திய ஒரு ராணுவத்தில், கீழே நிற்பவனின் விசுவாசத்தை மேலே நிற்பவன் உள்ளூரச் சந்தேகித்துக்கொண்டேதான் இருந்திருப்பான். காகிதம் அந்தச் சந்தேகத்துக்குச் செயல்பட ஒரு காரணம் கொடுத்தது. நடந்ததை அந்த வீரர்கள் எப்படி உணர்ந்திருப்பார்கள் என்று யோசித்தால் மனம் கனக்கிறது. நாட்டுக்காகப் போரிடப் போன ஒருவனை, எதிரி வீசிய தாளைக் காட்டி, உன்னை நம்ப முடியாது என்று சொல்லாமல் சொல்வது அது.

நம்மை அசைக்காத செய்தி வேறு யாரையோ அசைத்துவிடும் என்ற இந்த எண்ணத்துக்கு டேவிசன் மூன்றாம் நபர் விளைவு என்று பெயர் வைத்தார். மேற்கு ஜெர்மனியில் பத்திரிகையாளர்களிடம், தலையங்கங்களுக்கு எவ்வளவு செல்வாக்கு உண்டு என்று அவர் கேட்டிருக்கிறார். உங்களையும் என்னையும் போன்றவர்களை அது ஒன்றும் செய்யாது, சாதாரண வாசகர்களிடம்தான் எடுபடும் என்பது அவருக்கு அடிக்கடி வந்த பதில். சாதாரண வாசகரிடம் அப்படி எடுபட்டதற்கு என்ன சான்று என்று கேட்டால் சொல்ல எதுவும் இல்லை. தலையங்கம் எழுதுகிறவர்களே இப்படி என்றால், போலி வீடியோ அனுப்பிய அந்த ஓய்வுபெற்ற ஆசிரியரின் பதிலில் வியக்க ஒன்றுமில்லை.

தடை போட்டவர்கள் யாரை நினைத்தார்கள்?

இந்தக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தணிக்கையின் வரலாற்றைப் பார்த்தால், தடை போட்டவர்களில் தனக்காகப் பயந்தவர் எவரும் தெரிவதில்லை. 1675 டிசம்பர் கடைசியில் இங்கிலாந்தின் இரண்டாம் சார்லஸ், வதந்தி பரவும் இடங்கள் என்று சொல்லி லண்டன் காபி விடுதிகளை மூட ஆணையிட்டார்; எதிர்ப்பு கிளம்பியதும் நடைமுறைக்கு வருமுன்பே பின்வாங்கினார். 1878 மார்ச்சில் வைஸ்ராய் லிட்டன் கொண்டுவந்த பத்திரிகைச் சட்டம் நமக்குப் பழக்கமானது. அச்சகத்தாரிடம் பிணைப்பத்திரம் வாங்கவும், அச்சு இயந்திரத்தைப் பறிமுதல் செய்யவும் அதிகாரம் தந்த அந்தச் சட்டம், இந்திய மொழிப் பத்திரிகைகளுக்கு மட்டும் பொருந்தும். அதே கண்டனத்தை ஆங்கிலத்தில் எழுதினால் குற்றமில்லை. வங்காளியிலும் வந்துகொண்டிருந்த அமிர்த பஜார் பத்திரிகா ஒரேயடியாக ஆங்கிலத்துக்கு மாறிச் சட்டத்திலிருந்து தப்பியது. எழுத்தில் இருந்த கருத்து மாறவில்லை. வாசிப்பவர் யார் என்பதுதான் அரசின் கவலை. ஆங்கிலம் படித்தவர் பகுத்தறிவார், தன் மொழியில் படிப்பவர் பொங்கிவிடுவார் என்ற கணிப்பு அந்தச் சட்டத்தின் ஒவ்வொரு பிரிவுக்கும் அடியில் கிடக்கிறது. யாரையெல்லாம் மனிதனாக எண்ணவில்லை என்பதற்கு அதைவிடத் தெளிவான வாக்குமூலம் வேண்டாம்.

1960இல் லண்டனில் டி.எச். லாரன்ஸின் ‘லேடி சாட்டர்லீஸ் லவர்’ நாவலைப் பதிப்பித்ததற்காக பெங்குவின் நிறுவனத்தின் மீது ஆபாச வழக்கு நடந்தது. அரசு வழக்கறிஞர் மெர்வின் கிரிஃபித்-ஜோன்ஸ் ஜூரிகளிடம், உங்கள் மனைவியோ வேலைக்காரர்களோ படிக்க விரும்புவீர்களா என்று கேட்டார். அந்தப் பன்னிருவர் ஜூரியில் பெண்களும் உட்கார்ந்திருந்தார்கள். நவம்பர் 2 அன்று பெங்குவின் விடுதலையானது. அந்தக் கேள்வியைக் கேட்டவர் நாவலைப் படித்துவிட்டுத்தான் வந்திருந்தார். தான் கெட்டுப்போனதாக அவர் சொல்லவில்லை.

காலை வேளையின் கூட்டு வாசிப்பு

அடுத்தவர் மனம் என்ற இந்தக் கணக்கு பயத்துக்கு மட்டும் உரியதல்ல. பத்திரிகை என்ற பொருள் மனிதருக்குக் கொடுத்த மிகப்பெரிய கொடையும் இதிலிருந்தே வருகிறது. 1605இல் ஸ்ட்ராஸ்பர்கில் யோகான் கரோலஸ் அச்சடிக்கத் தொடங்கியதைத்தான் உலகின் முதல் செய்தித்தாள் என்று பொதுவாகச் சொல்கிறார்கள். அதற்கு முன் அவர் அதே செய்திகளைக் கையால் எழுதவைத்து, பணம் படைத்த சிலருக்கு விற்றுக்கொண்டிருந்தார். அச்சு வந்தபோது செய்தியின் உள்ளடக்கம் பெரிதாக மாறவில்லை. மாறியது, இதே தாளை இன்று முகம் தெரியாத பலரும் படிக்கிறார்கள் என்ற அறிவு. நாளிதழ் வாசிப்பு நவீன மனிதனின் காலைப் பிரார்த்தனை என்று ஜெர்மன் தத்துவஞானி ஹெகல் சொன்னதை, தேசியவாதத்தை ஆராய்ந்த பெனடிக்ட் ஆண்டர்சன் எடுத்துக்கொண்டு, தேசம் என்ற கற்பனை உருவான விதத்தை அதிலிருந்து விளக்கினார். தனியாக, மௌனமாகப் படிக்கிறோம். ஆனால் அதே நேரத்தில் ஆயிரக்கணக்கானோர் படிக்கிறார்கள் என்று நமக்குத் தெரியும். ஒருபோதும் சந்திக்கப்போகாதவர்களோடு ‘நாம்’ என்று சொல்லிக்கொள்ளும் துணிவு அதிலிருந்து பிறக்கிறது.

இதை விட்டுவிட்டுப் பத்திரிகையை, வானொலியை வெறும் கருத்துத் திணிக்கும் கருவியாக அளந்தவர்களுக்கு ஏமாற்றம்தான் மிஞ்சியது. 1940 அமெரிக்க அதிபர் தேர்தலின்போது சமூகவியலாளர் பால் லாசர்ஸ்ஃபெல்டும் சகாக்களும் ஒஹையோ மாநிலத்தின் ஈரி மாவட்டத்தில் 600 பேரை மாதாமாதம் பேட்டி கண்டார்கள். பிரச்சாரத்தைக் கேட்டுக் கட்சி மாறியவர்கள் மிகக் குறைவு. பலர் மே மாதமே முடிவு செய்திருந்தார்கள். தடுமாறியவர்கள் வானொலியைவிடத் தங்கள் வீட்டார், நண்பர்கள், உடன் வேலை செய்பவர்கள் பேச்சைத்தான் அதிகம் கேட்டார்கள்.

ஆனால் மனதை மாற்றாமலேயே கையை மாற்ற முடியும். 1973 டிசம்பர் 19 இரவு, அமெரிக்கத் தொலைக்காட்சியில் நகைச்சுவை நிகழ்ச்சி நடத்திவந்த ஜானி கார்சன் கழிவறைக் காகிதத்துக்குத் தட்டுப்பாடு வரப்போகிறது என்று ஒரு வேடிக்கைப் பேச்சாகச் சொன்னார். மறுநாள் கடைகளில் அலமாரிகள் காலியாகத் தொடங்கின. வாங்க ஓடிய எல்லோரும் அவர் சொன்னதை நம்பினார்கள் என்று வைத்துக்கொள்ளத் தேவையில்லை. மற்றவர்கள் நம்பி வாங்கிவிடுவார்கள், நாம் இல்லாமல் நிற்போம் என்று நினைத்தாலே போதும், விவரமானவர் முதல் ஆளாக வரிசையில் நிற்பார். வரிசையைப் பார்த்தவர் தன் கணிப்பு சரி என்பார். இப்படி, எவரும் நம்பாத ஒன்று எல்லோர் கண்முன்னும் உண்மையாகிவிட்டது. 2020இல் பெருந்தொற்று தொடங்கியபோது பல நாடுகளில் இதே காட்சியை மறுபடி பார்த்தோம்.

ருவாண்டா கேட்கும் கேள்வி

இதுவரை சொன்னதைக் கேட்டுவிட்டு ஒருவர் ருவாண்டாவைச் சொல்லி மறுக்கலாம். மறுக்கத்தான் வேண்டும். 1993 ஜூலையில் தொடங்கிய ஆர்டிஎல்எம் என்ற வானொலி, அந்நாட்டின் சிறுபான்மை இனமான துட்சி மக்களைக் கரப்பான் பூச்சிகள் என்றது. 1994 ஏப்ரலில் இனப்படுகொலை தொடங்கியதும் ஆட்களின் பெயர்களையும் ஒளிந்திருக்கும் இடங்களையும் வாசித்தது. சுமார் 100 நாட்களில் ஏறக்குறைய 8 லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள். அந்த வானொலியை நிறுவியவர்களில் ஒருவரான ஃபெர்டினான்ட் நஹிமானா 2003இல் சர்வதேசத் தீர்ப்பாயத்தில் தண்டிக்கப்பட்டார். ஊடகத்தின் சக்தியைக் குறைத்துப் பேசும் எவரும் இந்த இடத்தில் நின்று பதில் சொல்லியாக வேண்டும்.

டேவிட் யானகிசாவா-ட்ராட் என்ற பொருளியலாளர் 2014இல் வெளியிட்ட ஆய்வு அந்த நாட்டின் மலைகளைப் பயன்படுத்தியது. மலை மறைத்ததால் அலைவரிசை எட்டாத கிராமங்களையும், தெளிவாக எட்டிய கிராமங்களையும் ஒப்பிட்டார். மொத்த வன்முறையில் சுமார் 10 சதவீதத்தை அந்த ஒலிபரப்பின் கணக்கில் வைக்கலாம் என்பது அவர் மதிப்பீடு. இதை மறுப்பவர்களும் உண்டு. எனக்கு முக்கியமாகப் படுவது வேறொரு முடிவு: விளைவு வலுவாகத் தெரிந்தது கூட்டமாகச் சேர்ந்து நடத்திய வன்முறையில். வானொலி எட்டிய கிராமங்களையும் தாண்டி அக்கம்பக்கத்துக்கும் அது பரவியது. வெறுப்பு முன்பே ஊட்டப்பட்டிருந்த இடத்தில் அந்த வானொலி இன்னொன்றையும் செய்தது: இது அரசே விரும்பும் செயல், எல்லோரும் கிளம்பிவிட்டார்கள், தடுக்க யாரும் வரமாட்டார்கள் என்பதை ஒவ்வொருவர் காதிலும் ஒரே நேரத்தில் போட்டது. கத்தியை எடுக்கத் தயங்கியவனுக்கு அடுத்த வீட்டுக்காரனைப் பற்றிய செய்தி அது.

அந்த நாட்டிலேயே பத்தாண்டுகளுக்குப் பின் இன்னொரு வானொலி, இம்முறை மருந்தாக. இரண்டு கிராமங்களுக்கிடையே பகை மூள்வதையும், அதைத் தடுக்க இளைஞர்கள் முயல்வதையும் சொல்லும் ‘முசெகெவெயா’ என்ற தொடர் நாடகம் 2004இல் தொடங்கியது. எலிசபெத் லெவி பலக் என்ற உளவியலாளர் ஓராண்டு முழுக்க அதைச் சோதித்தார். சில கிராமக் குழுக்கள் இந்தத் தொடரைக் கேட்டன. மற்றவை உடல்நலம் பற்றிய வேறொரு தொடரைக் கேட்டன. 2009இல் வெளியான முடிவு இந்தக் கட்டுரை முழுவதையும் எனக்கு எழுதக் கொடுத்தது எனலாம். கேட்டவர்களின் சொந்த நம்பிக்கைகள் பெரிதாக மாறவில்லை. கலப்புத் திருமணம் நல்லதா, பகைக்கு எது காரணம் என்பதிலெல்லாம் அவரவர் கருத்து அவரவரிடமே இருந்தது. மாறியது, தங்கள் சமூகத்தில் மற்றவர்கள் எதை ஏற்பார்கள், எதைச் செய்வார்கள் என்ற எண்ணம். அதோடு நடத்தையும் மாறியது. ஆய்வின் இறுதியில் ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு ஒலிநாடாப் பெட்டியும் நாடாக்களும் கொடுத்து, இதை யார் வைத்துக்கொள்வது என்று பேசவிட்டார்கள். உடல்நலத் தொடர் கேட்ட குழுக்கள் பெரும்பாலும் உள்ளூர் அதிகாரியிடம் கொடுத்துவிடலாம் என்று சட்டென முடித்தன. மற்றக் குழுக்களில் ஒருவர் மறுத்துப் பேசினார், இன்னொருவர் அதற்குப் பதில் சொன்னார், நாமே சேர்ந்து பார்த்துக்கொள்ளலாம் என்ற யோசனை எழுந்தது. மேலிருந்து வந்த உத்தரவுக்குக் கேள்வியின்றிப் பணிந்ததால் லட்சக்கணக்கானோர் இறந்த மண்ணில், ஒரு பெட்டியை யார் வைத்துக்கொள்வது என்று மாறுபட்டுப் பேசத் துணிந்தது சின்ன விஷயமில்லை.

அதே யானகிசாவா-ட்ராட் வேறு இருவரோடு சேர்ந்து சவுதி அரேபியாவில் நடத்திய ஆய்வு 2020இல் வெளியானது. பெண்கள் வேலைக்குப் போகலாம் என்று தனிப்பட்ட முறையில் ஒப்புக்கொண்ட ஆண்கள் அங்கே பெரும்பான்மை. ஆனால் மற்ற ஆண்கள் அப்படி நினைக்கமாட்டார்கள் என்றே பெரும்பாலோர் எண்ணியிருந்தார்கள். உண்மைக் கணக்கை ஒரு பாதிப் பேருக்குச் சொன்னதும், தங்கள் மனைவியரை வேலை தேடித்தரும் சேவையில் பதிவு செய்தவர்கள் அவர்களிடையே கூடினார்கள். யாரும் யாருக்கும் பெண்ணுரிமை போதிக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரும் உங்களைப் போலத்தான் என்று சொன்னார்கள்.

இப்போது யார் எதைப் பார்க்கிறார்கள்?

கைபேசித் திரையைப் பற்றி என் பயம் இங்கேதான் தொடங்குகிறது. நாளிதழ் வாசகருக்கு ஒன்று உறுதி: தான் பார்த்த முதல் பக்கத்தைத்தான் ஊரும் பார்த்தது. 2006இல் ஃபேஸ்புக் ஆளுக்கொரு பதிவு ஓடையை (நியூஸ் ஃபீட்) திறந்தபிறகு, அதையொட்டி மற்றவையும் மாறியபிறகு, அந்த உறுதி போய்விட்டது. என் திரையில் வந்தது என் அண்டை வீட்டாருக்கு வந்ததா என்று எனக்குத் தெரியாது. அடுத்தவர் மனதைக் கணிக்க என்னிடம் இருந்த பழைய அளவுகோல் பறிக்கப்பட்டு, பதிலுக்கு எண்கள் தரப்பட்டிருக்கின்றன: இத்தனை விருப்பம், இத்தனை பகிர்வு, இப்போது டிரெண்டிங். இந்த எண்கள் எவ்வளவு வலிமையானவை என்பதை சல்கானிக், டாட்ஸ், வாட்ஸ் ஆகிய மூன்று ஆய்வாளர்கள் 2006இலேயே காட்டிவிட்டார்கள். பெயர் தெரியாத 48 பாடல்களை 14,000க்கும் மேற்பட்டவர்களுக்கு இணையத்தில் கொடுத்தார்கள். ஒரு பகுதியினருக்குப் பாடல்கள் மட்டும் தெரியும். மற்றவர்கள் எட்டு தனித்தனி உலகங்களாகப் பிரிக்கப்பட்டு, தங்கள் உலகத்தில் எது எத்தனை முறை தரவிறக்கப்பட்டது என்ற எண்ணிக்கையையும் பார்த்தார்கள். எண் தெரிந்த உலகங்களில் வெற்றிப் பாடல்கள் மிகப்பெரிய வெற்றியாயின. ஆனால் ஒவ்வொரு உலகத்திலும் வெவ்வேறு பாடல்கள் மேலே வந்தன. தொடக்கத்தில் யாரோ சிலர் தட்டியதுதான் பிறகு ஊரின் ரசனையாக மாறியது.

அந்தச் சோதனையில் எண்களாவது நிஜம். இன்று கூலிக்கு ஆள்வைத்தும் தானியங்கிக் கணக்குகளை வைத்தும் அந்த எண்களைக் கூட்டுகிறார்கள். ஒரு சாதியையோ மதத்தையோ இழிவுபடுத்தும் பதிவின் கீழ் ஆயிரக்கணக்கான கைத்தட்டலைப் பார்க்கும் ஒருவர், அந்தக் கருத்தை ஏற்காமல் போகலாம். ஆனால் ஊரில் இத்தனை பேர் இப்படி நினைக்கிறார்களா என்று அதிர்ந்து, அடுத்தமுறை பேச வாயெடுக்கும் முன் யோசிப்பார். எதிர்த்தரப்பைச் சேர்ந்தவரோ அதைப் பார்த்து அண்டை வீட்டாரையே சந்தேகிப்பார். இருவரில் எவருடைய கொள்கையும் மாறவில்லை. இருவருக்கும் இடையே இருந்தது கெட்டுவிட்டது. பொய்யைச் சரிபார்க்கும் தளங்கள் அவசியம், அவற்றை மதிக்கிறேன். ஆனால் இந்தக் காயம் அவற்றின் கைக்கு எட்டாத இடத்தில் இருக்கிறது. அந்தப் பதிவு பொய் என்று நிரூபித்தாலும், அதற்குக் கைதட்டியவர்கள் யார், எத்தனை பேர், அவர்கள் மனிதர்கள்தானா என்பது தெரியாமலேயே இருக்கும்.

பத்திரிகை உலகம் இதே நோய்க்கு ஒரு காலத்தில் வைத்தியம் கண்டது. விற்பனை எண்ணிக்கையைக் கூட்டிச் சொல்லி விளம்பரம் வாங்கும் வழக்கம் முற்றியபோது, 1914இல் அமெரிக்காவில் பதிப்பாளர்களும் விளம்பரதாரர்களும் சேர்ந்து எண்ணிக்கையைத் தணிக்கை செய்யும் அமைப்பை உருவாக்கினார்கள். 1931இல் பிரிட்டனிலும் 1948இல் இந்தியாவிலும் அதேபோல் வந்தன. எந்தப் பத்திரிகை எத்தனை பேர் கைக்குப் போகிறது என்பது வெளியாள் சரிபார்த்த கணக்கானது. அது விளம்பரக் காசுக்காக நடந்த ஏற்பாடுதான்; என்றாலும், ஊரில் எந்தக் குரல் எவ்வளவு பெரிது என்று தெரிந்துகொள்ள எல்லோருக்கும் ஒரு வழி கிடைத்தது. இன்று நிலைமை எதிர்த்திசையில் போகிறது. எந்தப் பதிவு எங்கே பரவுகிறது என்று ஆய்வாளர்களும் செய்தியாளர்களும் பார்க்க உதவிய கிரவுட்டேங்கிள் கருவியை மெட்டா நிறுவனம் 2024 ஆகஸ்டில் மூடிவிட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சேவைகள் சட்டம் அதன் 40ஆவது பிரிவில், தகுதி சரிபார்க்கப்பட்ட ஆய்வாளர்களுக்குப் பெரிய தளங்கள் தரவைத் திறந்துவிட வேண்டும் என்கிறது. அந்த உரிமை ஆய்வாளர்களோடு நின்றுவிடக் கூடாது என்பது என் கட்சி. ஒரு பதிவை என்முன் வைக்கும் நிறுவனம், அதை எத்தனை நிஜ மனிதர்கள் பார்த்தார்கள், எந்த வட்டாரத்தில் பார்த்தார்கள், அதன் எண்ணிக்கையில் எவ்வளவு காசு கொடுத்துக் கூட்டப்பட்டது என்பதையும் அதே இடத்தில், வெளியாள் தணிக்கை செய்த கணக்காக, எனக்குக் காட்ட வேண்டும். தேர்தல் காலத்தில் இது கட்டாயமாக வேண்டும், அதுவும் வாக்குப்பதிவுக்கு முன்பே.